பௌர்ணமிக்குப் பௌர்ணமி

தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் மகாவீரர் ஜெயந்தி உண்டு. புத்த பூர்ணிமா இல்லை. மத்திய அரசு அலுவலகங்கள் அன்று மூடியிருக்கும், மற்றபடி ஊர் வழக்கம்போல் ஓடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் உண்டு. எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டும். பழவேற்காடு ஏரியில் வலை இறங்கும். புத்தரை நினைத்து அன்று ஒரு வேளையாவது அமைதியாக உட்கார நினைப்பவர் லீவு போட்டாக வேண்டும். லீவு என்ற ஒன்றே இல்லாத தொழில் செய்பவர் ஒரு நாள் கூலியை விட்டாக வேண்டும்.

ஆனாலும் உட்காருகிறார்கள். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பௌத்த வழியில் தியானம் பழகுபவர்களின் ஓர் ஆண்டு எப்படிப் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதை எளாவூர்ப் பக்கம் நின்று பார்க்கிறேன். கிழக்கே சுண்ணாம்புக்குளம், அதைத் தாண்டி ஏரி, ஏரியை ஒட்டி மீனவக் குப்பங்கள். இந்தப் பக்கத்து ஆட்களின் காலண்டரும் நிலவை வைத்துத்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் எப்படி மாறும், எந்த இரவில் இறால் வரும் என்று கணக்குப் போட்டு வாழ்பவர்கள். பௌத்தர்களின் நோன்பு நாட்களான உபோசத நாட்களும் அதே நிலவைப் பார்த்துத்தான் குறிக்கப்படுகின்றன. நிலவு ஒன்றாக இருந்தும் இந்த இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்வது அரிது. ஏன் என்று யோசித்ததில் கிடைத்தவற்றை எழுதுகிறேன்.

ஆண்டு வைகாசிப் பௌர்ணமியில் தொடங்குகிறது. சில வருஷங்களில் அது நம் சித்ரா பௌர்ணமியன்றே வந்துவிடும். அன்று சென்னையில் பௌத்தம் இரண்டு இடங்களில் கண்ணில் படும். ஒன்று, எழும்பூர் கென்னட் சந்தில் உள்ள மகாபோதி சங்கம். அநகாரிக தர்மபாலர் 1891-இல் தொடங்கிய அமைப்பின் சென்னைக் கிளை அது. புத்தகயைக்குப் போகும் இலங்கை யாத்ரீகர்கள் இறங்கித் தங்கிப் போகும் இடமும் அதுதான். இன்னொன்று, வடசென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ள காலனிகள். அம்பேத்கர் சிலை, பக்கத்தில் சின்னதாக ஒரு புத்தர், ஐந்து நிறப் பௌத்தக் கொடி, திரிசரணம், பஞ்சசீலம், பிறகு ஒரு சொற்பொழிவு. பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் நடக்கும். காலையில் வேலைக்குப் போய்விட்டு வந்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது இடம் ஒன்று உண்டு, அது கண்ணில் படாது. பல்லாவரத்துக்கு மேற்கே, திருநீர்மலை தாண்டி, திருமுடிவாக்கத்தில் இருக்கும் 'தம்ம சேது' விபாசனா மையம். அங்கே பந்தல் கிடையாது, மைக் செட் கிடையாது. பேசினால் முறை தவறியது என்று வைத்திருக்கும் இடம் அது.

அங்கே கற்றுத்தரும் முறையைப் பரப்பியவர் எஸ்.என்.கோயங்கா, பர்மாவில் மாந்தளையில் 1924-இல் பிறந்த வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடி அலைந்தவர், 1955-இல் சாயாஜி ஊ பா கின் என்ற அரசு அதிகாரியிடம் தியானம் கற்றார். 1969-இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாம் நடத்தினார். அதே ஆண்டிலேயே சென்னையிலும் நடத்தினார். 2013 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அந்த முகாம்கள் உலகம் முழுக்கப் பரவியிருந்தன. இன்றும் அவருடைய ஒலிப்பதிவுகளை வைத்துத்தான் வகுப்பு நடக்கிறது. உரைகளைத் தமிழிலும் கேட்கலாம்.

ஒரு முகாம் பத்து நாள். வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு. விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு உட்கார வேண்டும். ஆறரைக்குக் காலைச் சாப்பாடு, பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு, அதற்குமேல் அன்று சாப்பாடே இல்லை. சாயங்காலம் புதிதாக வந்தவர்களுக்குத் தேநீரும் கொஞ்சம் பழமும், முன்பே வந்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர். இரவு ஏழு மணிக்கு உரை. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. முதல் மூன்று நாளும் மூச்சை மட்டும் கவனிக்கும் ஆனாபானம். மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே காற்று படும் இடத்தில் என்ன தெரிகிறது என்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நாலாம் நாள்தான் விபாசனா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை மனத்தை நகர்த்தி, உடம்பில் எழும் ஒவ்வொன்றையும் விரும்பாமலும் வெறுக்காமலும் பார்ப்பது. அதிலிருந்து ஒரு நாளில் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் உட்கார வேண்டும். அதற்கு அதிட்டானம் என்று பெயர்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. இருபது நிமிடத்தில் முழங்கால் எரியத் தொடங்கும். அரை மணியில் உடம்பில் முழங்காலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தோன்றும். பிறகு, அது நடக்கிற நாளில் நடக்கும்: அந்த எரிச்சல் ஒரே கட்டியாக இல்லாமல் துடிப்பாக, சூடாக, குத்தலாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வந்து வந்து போவது தெரியும். வலி போகவில்லை. அதோடு நான் போட்டுக்கொண்டிருந்த சண்டை மட்டும் நின்றது. அநித்தம், நிலையாமை என்று நூல்களில் ஆயிரம் முறை படித்தது அன்று உடம்புக்குப் புரிந்தது. அதைப் பெரிய அற்புதமாக யாரும் அங்கே கொண்டாடுவதில்லை. அடுத்த உட்காரலில் மறுபடியும் எரியும். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

பத்தாம் நாள் மௌனம் கலையும். எல்லா உயிருக்கும் நலம் நினைக்கும் மெத்தா பாவனை கற்றுத்தருவார்கள். அதன்பின் அதுவரை முகம் பார்க்காமல் நடந்தவர்கள் மரத்தடியில் நின்று பேசுவார்கள். யார் எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். மென்பொருள் நிறுவன ஊழியர்கள், ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். கடலிலும் ஏரியிலும் தொழில் செய்பவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

கட்டணம் ஒரு பைசா இல்லை. தங்கலும் சாப்பாடும் இலவசம். முகாமை முடித்தவர்கள் விருப்பப்பட்டுத் தருவதில் அடுத்து வருபவர்களுக்குச் சமையல் நடக்கிறது. முடிக்காதவரிடம் பணம் வாங்குவதில்லை. சமைப்பவர், பரிமாறுபவர், மணி அடிப்பவர் பலரும் முன்பு உட்கார்ந்து எழுந்தவர்களே. சம்பளம் இல்லாமல் பத்து நாள் வந்து வேலை செய்கிறார்கள். இதைவிடச் சுத்தமான ஏற்பாட்டை நான் எந்த மத அமைப்பிலும் கண்டதில்லை. ஆனால் கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பத்து நாள் உட்கார வேண்டுமானால் பத்து நாள் சம்பாத்தியம் போகும். மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்கள் விபாசனா முகாமுக்குப் போக விடுப்பு தருகிறது. ஏரியில் வலை கட்டுபவருக்கு விடுப்பு தர யார் இருக்கிறார்கள்?

ஆனி, ஆடி வாக்கில் வரும் பௌர்ணமியில் பிக்குகளுக்கு மழைக்காலத் தங்கல் தொடங்கும். மூன்று மாதம் ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும். பயிரையும் சிறு உயிர்களையும் மிதித்துவிடக் கூடாது என்று புத்தர் காலத்தில் ஏற்பட்ட விதி. கங்கைக் கரை மழையை வைத்து வகுத்தது அது. நம் பக்கத்திலோ அந்த மூன்று மாதமும் பெரும்பாலும் காற்றும் வெயிலுமாகப் போகும். புரட்டாசி, ஐப்பசிப் பௌர்ணமியில் தங்கல் முடிந்து பிக்குகளுக்குக் கடின சீவரம் என்ற புது ஆடை கொடுத்து வழியனுப்பிய கையோடு வடகிழக்குப் பருவமழை இறங்கும். ஏரி நிறைவது அப்போதுதான். முகத்துவாரத்தை அடைத்த மணலை வெள்ளம் உடைத்துக்கொண்டு போவதும், கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து மீன் வரத்து கூடுவதும் அந்த மாதங்களில்தான்.

திருமுடிவாக்கத்தில் மழையோ வெயிலோ அட்டவணை மாறுவதில்லை. முகாமுக்குப் பின் முகாம். இடையிடையே பழைய மாணவர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள் உட்காரல்கள். குழந்தைகளுக்குத் தனியாக ஆனாபான வகுப்பு. பெரிய பௌர்ணமிகளுக்குச் சிலர் மும்பைக்கு ரயிலேறுவார்கள். கோராயில் 2009-இல் திறந்த உலக விபாசனா பகோடாவின் கூடத்தில் தூண் ஒன்றுகூட இல்லாமல் 8,000 பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம். இந்த ஆண்டுச் சக்கரத்தில் மிக முக்கியமானது எது என்று என்னைக் கேட்டால் பகோடாவைச் சொல்ல மாட்டேன். வீடுகளில் வாரம் ஒருமுறை நாலைந்து பேர் கூடி, பாய் விரித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் காபி குடித்துக் கலைகிறார்களே, அதைத்தான் சொல்வேன். பத்து நாளில் கற்றது வீட்டில் ஒரு மாதம் தாங்குவதே கஷ்டம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் நாமும் உட்காருவோம். சங்கம் என்பதற்கு நடைமுறையில் எனக்குத் தெரிந்த பொருள் இது.

அக்டோபர் 14 வந்தால் காலனிகளில் மறுபடியும் ஐந்து நிறக் கொடி ஏறும். 1956-இல் அந்த நாளில்தான் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ஆம் தேதி அவர் நினைவு நாள். தமிழ்நாட்டுப் பௌத்தர்களுக்கு இதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. நாகபுரிக்கு 58 ஆண்டு முன்பே, 1898-இல், பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட் உதவியுடன் கொழும்பு போய் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்த் தொழிலாளர்கள் போன இடமெல்லாம் கிளைகள் எழுந்தன. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் வாரந்தோறும் கூடிப் பஞ்சசீலம் சொன்னார்கள். திருமணமும் சாவுச் சடங்கும் பௌத்த முறையில் செய்துகொண்டார்கள். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை அவர்களை ஒரே ஊராக்கியது.

பண்டிதர் ஓர் ஆண்டையே பௌத்த ஆண்டாகத் திருப்பி எழுதினார். தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டுபிடித்த நாளாக, கார்த்திகை தீபத்தை ஆமணக்கெண்ணெய் கண்டுபிடித்த நாளாக, போகியையும் சங்கராந்தியையும் புத்தரின் பரிநிர்வாணத்தை நினைக்கும் நாட்களாக விளக்கினார். வரலாற்று ஆய்வாளர்கள் இதையெல்லாம் ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். ஊரின் திருவிழாவில் தேரின் பக்கம் வர விடாமல் வைக்கப்பட்டிருந்த மக்களிடம், இந்தப் பண்டிகைகளே உங்கள் மடங்களில் பிறந்தவைதான் என்று சொன்னவர் அவர். அந்தச் சொல்லின் பலத்தை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். 1999-இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகு அவரைப் புதிதாகப் படிக்கும் தலைமுறையும் வந்திருக்கிறது.

மீனவர் குப்பங்களுக்கு இதில் பங்கில்லை என்று யாராவது நினைத்தால் ம.சிங்காரவேலரைச் சொல்ல வேண்டும். 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞர் ஆனவர். 1923-இல் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால் கடற்கரையை ஒட்டிய தம் வீட்டில் மகாபோதி சங்கக் கூட்டங்களை நடத்தியவரும் அவரே. பேராசிரியர் லட்சுமி நரசு போன்றவர்கள் அந்த வட்டம். நரசு 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பற்றிய நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948-இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் பெயர்தான். அதற்குள் மனு கொடுக்கப் போகும் மீனவர்களில் எத்தனை பேருக்கு அவர் புத்தரைப் படித்தவர் என்று தெரியும்?

சிங்காரவேலருக்கும் நரசுவுக்கும் புத்தர் அறிவின் வழிகாட்டி. அயோத்திதாசருக்கு இழந்த வீட்டின் தலைவர். அம்பேத்கருக்குச் சமத்துவத்தின் ஆசிரியர். இவர்கள் யாரும் கண்மூடி உட்காருவதை முதலில் வைக்கவில்லை. சாதி இழிவைச் சுமந்து நிற்பவனிடம் 'உன் மூச்சைக் கவனி' என்று மட்டும் சொல்வது அவர்களுக்குப் போதாததாகத் தெரிந்திருக்கும், அது நியாயமும்கூட. திருமுடிவாக்கத்திலோ சாதி என்ற சொல் பத்து நாளும் காதில் விழாது. அங்கே எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே பாய். ஆனால் கதவைத் தாண்டி வெளியே வந்த பிறகு அந்தச் சமம் என்ன ஆகிறது என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. விபாசனாக்காரர்கள் தங்களைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. எல்லா மதத்தாருக்கும் பொது என்பார்கள். அதனால் பலர் தயக்கமில்லாமல் வருகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலனியின் பௌத்தருக்கு அதே சொல் 'எங்களோடு சேர்த்துப் பேசாதே' என்று ஒலிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு கூட்டத்துக்கும் புத்தர் ஒருவரே. ஒரே கூடத்தில் அவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்றுகூடச் சொல்லக் கூடாது. பாதி தம்மத்தோடு இரண்டு தரப்பும் காலம் தள்ளுவது எனக்கு வருத்தம்.

இன்னொரு காயத்தையும் பேசியாக வேண்டும். காவி உடையில் ஒரு பிக்கு எதிரே வந்தால் தமிழர் பலருக்கு முதலில் நினைவு வருவது இலங்கை. சிங்களம் மட்டும் சட்டம், போர், 2009. எளாவூருக்கு அடுத்த நிலையமான கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்து குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில், தமிழக மீனவர்கள் கடலில் கொல்லப்பட்ட கோபம் கொதித்த நாட்களில், எழும்பூர் மகாபோதி சங்கம் தாக்கப்பட்டது. அங்கிருந்த பிக்குகள் காயமடைந்தார்கள். மீனவரைக் கொன்றதற்கும் அந்த மடத்தில் இருந்தவர்களுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். காஞ்சியும் காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் பௌத்தப் பட்டினங்களாக இருந்த நாடு இது. சோழநாட்டு விகாரையில் இருந்துதான் புத்ததத்தர் பாலி உரைகள் எழுதினார். நாகையில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து வந்த புத்தர் செம்புத் திருமேனிகள் முந்நூறுக்கும் மேல். புத்தரை ஒரு தேசத்தின் படைக்கு விட்டுக்கொடுக்க நமக்கு எந்த அவசியமும் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் ஏரிக்குப் பூநாரைகள் வந்திருக்கும். பார்க்கக் கார்கள் வரும். இறால் பாடு ஓடிக்கொண்டிருக்கும். பாடு என்ற ஏற்பாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஏரியில் வலை கட்டும் நல்ல இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். எனவே எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாளில் எந்த இடம் என்று கிராமமே கூடி முறை பிரித்துக்கொள்ளும். உன் முறை இன்று, என் முறை நாளை. பங்கில்லாத ஏழைகளுக்கும் இருளர் போன்றவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை என்ற குறை உண்டு, அது உண்மையான குறை. ஆனாலும் உள்ளதைப் பகிர்ந்துகொள்ள எழுத்துச் சட்டம் இல்லாமலே ஒரு ஒழுங்கைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் இவர்கள்.

திருமுடிவாக்கத்துச் சமையல்கட்டில் நடப்பதும் ஒரு வகைப் பாடுதான் என்று எனக்குத் தோன்றியது. இன்று நீ உட்காரு, நான் சமைக்கிறேன். அடுத்த முறை நான் உட்காருகிறேன். முறை பிரிக்கத் தெரிந்த ஊரில் உட்காரவும் முறை பிரிக்க முடியும். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் பத்து நாள் போனால், அந்தப் பத்து நாள் பங்கை மற்றவர்கள் அந்த வீட்டுக்குக் கொடுப்பது. தானம் என்று திருமுடிவாக்கத்தில் எதைச் சொல்கிறார்களோ அதன் ஏரிக்கரை வடிவம் இதுவாகத்தான் இருக்க முடியும். மீன்பிடித் தடைக்காலத்தில் முகாம் வைக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. ஏரிக்குள் நாட்டுப்படகில் போகிறவருக்குத் தடையும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

பெரியவர்களுக்குப் பத்து நாள் முகாம் உடனே அமையாவிட்டாலும் பிள்ளைகளிடம் தொடங்க வழி இருக்கிறது. மகாராஷ்டிரப் பள்ளிகளில் 'மித்ர உபக்கிரமம்' என்ற திட்டத்தில் மாணவர்களுக்கு ஆனாபானம் கற்றுத்தருகிறார்கள். வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிடம் மூச்சைக் கவனிப்பது, அவ்வளவுதான். மந்திரம் இல்லை, படம் இல்லை, எந்த மதத்துப் பிள்ளைக்கும் சங்கடம் இல்லை. பழவேற்காட்டுக் குப்பங்களின் பள்ளிகளில் இந்து, முஸ்லிம், கிறித்தவப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தும். சுனாமியைப் பற்றிக் கேட்டும், ஒவ்வொரு புயலுக்கும் முகாமுக்கு ஓடியும் வளர்கிற பிள்ளைகளுக்குப் பயம் உடம்பில் எங்கே உட்காருகிறது என்று பார்க்கத் தெரிவது சின்ன விஷயமில்லை.

ஏப்ரல் 14 அன்று கும்மிடிப்பூண்டி வட்டத்துக் காலனிகளில் அம்பேத்கருக்கு மாலை போட்டு முடித்து, அடுத்த பௌர்ணமிக்குக் கொடி தைக்கக் கொடுப்பார்கள். அந்தப் பௌர்ணமியன்று சாயங்காலம் சொற்பொழிவுக்கு முன் ஒரு மணி நேரத்தைத் தியானத்துக்கு ஒதுக்கினால், சென்னையிலிருந்து பழைய மாணவர்கள் நாலு பேர் வந்து கூட உட்கார்ந்து, பிறகு சொற்பொழிவையும் இருந்து கேட்டுவிட்டுப் போகட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. எங்கள் சமுதாயக் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது, பாய்களை வீட்டிலிருந்து கொண்டுவருவோம், மூர் மார்க்கெட்டில் சூளூர்ப்பேட்டை வண்டி ஏறினால் எளாவூரில் நிற்கும்.